ஏழு குண்டாச் சோறும் முப்பத்தொன்றாம் விதியும்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. மலை இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, புளி இருக்கிறது, வெயில் வேண்டிய மட்டும் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. இப்படி ஒரு குறை இருப்பதே அந்த மாவட்டத்து மக்களுக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது. நீர்வழி உல்லாச மேம்பாட்டு வாரியம்தான் அதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு கைகட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கடலைக் கொண்டுவர நிதிநிலை அறிக்கையில் தலைப்பு இல்லாததால், கப்பலை மட்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் புங்கனேரி. அங்கேதான் கப்பல் நிற்கிறது. மூன்று லாரிகளில் துண்டு துண்டாக வந்து, ஏரிக்கரையில் ஒட்டப்பட்டு, ‘பேராழி’ என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டு மாடி, வெள்ளை வெளேரென்ற பெயின்ட், மேல்தளத்தில் நீல விளக்கு. திறப்பு விழாவன்று ஏரியில் தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு இருந்ததா என்பது பொதுப்பணி சம்பந்தப்பட்ட கேள்வி; வாரியம் அதில் தலையிடுவதில்லை.

கப்பலின் நிர்வாக அலுவலர் மாதவராஜ். அதற்கு முன் அவர் கோழிக்குஞ்சு விநியோகப் பிரிவில் இருந்தார். கடலை ஒரே ஒரு முறை, கல்லூரிச் சுற்றுலாவில், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கப்பல் சர்வதேசத் தரத்தில் இயங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும், அவர் ஒரு நாள் பூராவும் கணினி முன்னால் உட்கார்ந்து, ஏதோ வெளிநாட்டுக் கப்பலின் விதிகளை அப்படியே இறக்கி, தமிழாக்கி, நாற்பத்திரண்டு விதிகளாகப் பலகையில் எழுதி வைத்துவிட்டார். பயணிகள் பவளப்பாறைகளை உடைக்கக் கூடாது. சுறாக்களுக்கு இரை போடக் கூடாது. புங்கனேரியில் கெண்டையும் குரவையும்தான் உண்டு என்று யாரோ சொன்னதற்கு, “விதி இருந்துட்டுப் போகட்டும், சுறா வர்றப்ப தேடிட்டு இருக்க முடியாது” என்றார். தொலைநோக்கு உள்ளவர்.

அந்தப் பலகையில் பன்னிரண்டாம் விதி, வெளி உணவும் வெளிக் குடிநீரும் கப்பலுக்குள் அனுமதிக்கப்படா என்பது. பதின்மூன்றாம் விதி, இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொரு பயணியும் மூடி திறக்காத திராட்சை மது ஒரு புட்டி கொண்டுவரலாம் என்பது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் ராணியம்மாள் மாட்டிக்கொண்டாள்.

ராணியம்மாளுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தியம்மாதான் சம்பந்தம். ராணியம்மாளின் வீட்டுக்காரர் தீர்த்தகிரி மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி, கோஸ் போடுகிறவர். மகள் யுவராணியைத் தருமபுரியில் ரஞ்சித்குமாருக்குக் கொடுத்திருந்தார்கள். பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம் முடியப் போகிறது. அந்தப் பக்கத்து முறைப்படி, தாய்வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு. அதன் பிறகு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். கட்டுச்சோறு என்று பெயர். சோறு போகாமல் பெண் வராது.

யுவராணி தருமபுரியில் மூன்றாவது மாடியில் இருந்தாள். மசக்கை வந்த நாளிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. போன வருஷம் ஒரு கரு நாலாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. போனில் பேசும்போதெல்லாம், “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்பாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிடும். பெண்ணை எப்படியாவது தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்காரவைத்து, ரசஞ்சோறாவது தின்ன வைக்க வேண்டும். ராணியம்மாளுக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

சம்பந்தியம்மா நிர்மலாதேவிக்கு வேறு ஆசைகள் இருந்தன. அவர்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் மருமகளின் கட்டுச்சோற்றை ஓசூரில் ஒரு சொகுசு விடுதியில் வைத்தார்கள். கோடிவீட்டுக்காரர்கள் மலைமேல் கூடாரம் போட்டுப் பனிமூட்டத்துக்கு நடுவில் வைத்தார்கள். மூட்டம் போதவில்லை என்று போட்டோக்காரர் மெஷினில் வேறு புகை விட்டார். இதற்கு மேல் மிச்சம் இருந்தது கப்பல்தான். நிர்மலாதேவி முந்திக்கொண்டு வெள்ளிக்கிழமை மேல்தளத்தை எடுத்துவிட்டாள்.

கப்பலில் வெளிச்சோறு விடமாட்டார்களாமே என்று ராணியம்மாள் போனில் கேட்டதற்கு, “அது உங்க பக்கத்து ஏற்பாடுங்க அண்ணி. சோறு உங்களது, கப்பல் எங்களது” என்றாள் நிர்மலாதேவி. வேண்டுமானால் கரையிலேயே ஊட்டிவிட்டுக் கப்பலில் ஏறலாமே என்றதற்கு, கரையில் ஊட்டினால் கப்பல் எதற்கு என்று கேட்டாள். அந்த வெள்ளியை விட்டால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் செய்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை, ஒன்பதில் பயணம் ஆகாது. முறை தவறினால் பெண்ணை அனுப்புவதற்கில்லை. நாகரிகத்தையும் விடமாட்டேன், முறையையும் விடமாட்டேன் என்று ஒருத்தி நின்றால், நடுவில் நசுங்குவது பெண்ணைப் பெற்றவள்தானே.

ராணியம்மாள் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு புங்கனேரிக்குப் போய் மாதவராஜைப் பார்த்தாள். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லை. அவள் நீட்டிய மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு, கட்டுச்சோறு என்பது எங்கே சமைக்கப்படுகிறது என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்றாள். அப்படியானால் அது வெளி உணவு என்றார். உங்கள் கப்பலில் வந்து சமைத்துத் தருகிறேன் என்றாள். கப்பலில் சமைத்தால் அது கப்பல் உணவு ஆகிவிடும், தாய்வீட்டுச் சோறு ஆகாது, பிறகு உங்கள் சம்பந்தி என்மீது புகார் கொடுப்பார் என்றார். அந்த மனுஷனுக்கு அடுத்தவர் குடும்பத்தின் மீது அவ்வளவு அக்கறை.

தீர்த்தகிரி பலகையை ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருந்தவர், நோயாளிகளுக்கு மருத்துவர் சான்றுடன் தனி உணவு அனுமதிக்கப்படும் என்ற பத்தாம் விதியைக் காட்டினார். மாதவராஜ் முகம் மலர்ந்தது. சான்று கொண்டுவாருங்கள் என்றார். டாக்டரம்மாவிடம் போனார்கள். கர்ப்பம் நோயில்லை, அப்படி எழுதித் தர முடியாது, பெண் இளைத்திருக்கிறாள், நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. மாதவராஜ் வருத்தப்பட்டார். ஏதாவது ஒரு நோய் இருந்திருந்தால் விதியில் இடம் இருந்திருக்கும், நலமாக இருக்கிறவர்களுக்கு அரசாங்கம் என்ன செய்ய முடியும் என்றார்.

அடுத்து தீர்த்தகிரிக்கு இன்னொரு யோசனை தோன்றியது. கைக்குழந்தையின் உணவுக்குத் தடையில்லை என்று பதினான்காம் விதி சொல்லியது. இந்தச் சோறு யாருக்கு? பெண்ணுக்கா? வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத்தானே? மாதவராஜ் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார்.

“குழந்தை பிரயாணம் பண்ணுதுங்களா?”

“அம்மா வயித்துல பண்ணுதுங்க” என்றார் தீர்த்தகிரி.

“வயசு?”

தீர்த்தகிரி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “இன்னும் ரெண்டு மாசம் பாக்கிங்க” என்றார்.

மாதவராஜ் கணினியில் வயது என்ற கட்டத்தில் கழித்தல் இரண்டு என்று போட்டுப் பார்த்தார். கணினி ஏற்கவில்லை. அதன் காரணமாகத் தலைமையகத்துக்கு எழுதினார். ஆறு நாளில் பதில் வந்தது. அரசாங்க வரலாற்றில் அது ஒரு வேகம். பிறவாத குழந்தை பயணம் செய்ய ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் அதற்குரிய உணவு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், மிளகாய் தாளித்த புளிச்சோறு அவ்வகையில் வராது என்றும், குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. சோற்றுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு டிக்கெட் மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ராணியம்மாள் விடிவதற்கு முன்னாலேயே அடுப்பு மூட்டி, புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர் என்று ஆறு வகையும் சர்க்கரைப் பொங்கலுமாக ஏழு குண்டா சமைத்துவிட்டாள். தக்காளி ஏற்றுகிற டெம்போவில் குண்டாக்களை வைத்து, சாயாமல் பிடித்துக்கொள்ளத் தன் மகனுக்கு வந்த மருமகளை உட்காரவைத்து, பதினொரு மணிக்குப் புங்கனேரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏரி இருந்த இடத்தில் சேறு இருந்தது. சேற்றின் நடுவில் கப்பல் இருந்தது. கரையிலிருந்து கப்பலுக்கு ஒரு பலகைப் பாலம். அதன் வாயில் மாதவராஜ், தொப்பி போட்டுக்கொண்டு, பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ராணியம்மாளுக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா நின்றார். அவர் பையில் ஒரு புட்டி இருந்தது. மாதவராஜ் அதை வெளியே எடுத்து, மூடியைத் தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, “நல்வரவு” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெரியமனிதர்கள், ஆளுக்கு ஒரு புட்டியுடன், விதியை எழுத்துக்கு எழுத்து மதித்து ஏறினார்கள். சீக்காளியான ஒரு கிழவரின் சுடுதண்ணீர் பிளாஸ்க்கை மட்டும் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார்கள்.

குண்டாக்கள் வந்தன. மாதவராஜ் ஒரு மூடியைத் திறந்தார். புளிச்சோற்று வாசனை அவர் தொப்பி வரைக்கும் ஏறியது. கண்ணை மூடித் திறந்துவிட்டு, அனுமதியில்லை என்றார்.

“ஏங்க, சாராயத்த உள்ள விடறீங்க, சோத்த விட மாட்டீங்களா?” என்று கேட்டாள் ராணியம்மாள்.

“அது சீல் வெச்சதும்மா. ஆலையில தயாரானது. உங்க சோத்துக்கு யாரு பொறுப்பு?”

“நாந்தாங்க பொறுப்பு. நான் பெத்த பொண்ணு திங்கற சோறு.”

“பெத்ததுக்கு ஆதாரம் இருக்கலாம்மா. சோத்துக்கு இல்லையே.”

அதற்கு மேல் பேசினால் முப்பத்தொன்றாம் விதி பாயும் என்று எச்சரித்தார். அந்த விதியைச் சத்தமாக வாசித்தும் காட்டினார்: வெளி உணவை உண்ணும் பயணி, கப்பல் சேரும் அடுத்த துறைமுகத்தில் இறக்கப்பட்டு, அடையாள ஆவணத்தில் கண்ட சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவார். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் அது காதில் விழுந்தது. குண்டாக்கள் ஏழும் பொருட்காப்பு அறைக்குப் போயின. ‘சோறு வகை ஏழு, பாத்திரத்துடன்’ என்று ரசீது கொடுத்தார். ராணியம்மாள் வெறுங்கையோடு கப்பலில் ஏறினாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், அழுகை வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் ஊதியது. ‘பேராழி தன் பயணத்தைத் தொடங்குகிறது’ என்று ஒலிபெருக்கி சொன்னது. என்ஜின் உறுமியது, தரை அதிர்ந்தது, சேறு கொஞ்சம் கலங்கியது. கப்பல் நகரவில்லை. கரையில் ஒரு வெள்ளாடு கருவேலங்காய் தின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே ஆடு அதே இடத்தில்தான் தெரிந்தது. இதைப் பற்றி யாரும் பேசவில்லை. நிர்மலாதேவி வீட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைகளை விரித்து, இல்லாத காற்றில் தலைமுடி பறப்பதற்காகப் போட்டோக்காரர் வைத்த மின்விசிறிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அத்தைக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்ததாம். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

யுவராணியை ஒரு சங்கு வடிவ நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, பட்டுப்புடவைக்குள் ஒடுங்கிப்போயிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், “சோறு எங்கம்மா?” என்று கேட்டாள். ராணியம்மாள் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

இனிக் கப்பலின் சமையற்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் சமையற்கட்டு என்று ஓர் அறை இருந்தது. கேஸ் அடுப்பும் இருந்தது. சிலிண்டர் வைக்கத் தடையின்மைச் சான்று மட்டும் இன்னும் வரவில்லை. ஆகவே உணவு ஒப்பந்தக்காரர் அர்ச்சுனன், முதல் நாளிலிருந்தே மாரண்டஹள்ளி மெஸ் ஒன்றிலிருந்து சாப்பாட்டை மொபெட்டில் கட்டிக் கப்பலின் பின்பக்கமாக ஏற்றிக்கொண்டிருந்தார். வெளி உணவு கூடாது என்று முன்வாசலில் நின்று காவல் காத்த கப்பல், தான் பின்வாசல் வழியாக வெளி உணவைத் தின்றே உயிர் வாழ்ந்தது. அன்றைக்குப் பார்த்து மெஸ்காரர் வீட்டில் துக்கம். மொபெட் வரவில்லை. மேல்தளத்தில் நாற்பது பேர் பசியோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் பொருட்காப்பு அறையைத் திறந்தார்.

இரண்டு மணிக்குப் பந்தி. ‘பேராழி சிறப்பு எழுவகை விருந்து’ என்று அட்டையில் எழுதி மேஜைமேல் நிறுத்தியிருந்தார்கள். நிர்மலாதேவி முதல் கவளத்திலேயே நெகிழ்ந்துபோனாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. கப்பல் சமையல் கப்பல் சமையல்தான். நம்ம வூட்டு அடுப்புல இந்தப் புளிச்சோறு வருமா?” என்றாள்.

ஒன்றுவிட்ட சித்தப்பா மூன்றாம் தடவை எள்ளுச்சோறு கேட்டு வாங்கினார். கடல் ஒத்துக்கொள்ளாத அத்தைக்கும் பொங்கல் ஒத்துக்கொண்டது. யுவராணி தட்டிலிருந்து தலை நிமிராமல் தின்றாள். ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு வாங்கினாள். அவள் இரண்டாம் தட்டு வாங்கி ராணியம்மாள் பார்த்து ஐந்து மாதம் ஆயிற்று. தின்றுகொண்டே பெண்ணின் கண்ணில் நீர் வழிந்தது.

“அம்மா, இது நீ ஆக்குனது” என்றாள் மெதுவாக.

ராணியம்மாள் எழுந்து பரிமாறும் மேஜைக்குப் போனாள். குண்டாவின் விளிம்பைத் திருப்பினாள். ‘தீர்த்தகிரி – ராணியம்மாள், மாரண்டஹள்ளி’ என்று அவள் கல்யாணத்துச் சீர்ப்பாத்திரத்தில் வெட்டின எழுத்து, எண்ணெய் படிந்து, அப்படியே இருந்தது. அவள் உடம்பெல்லாம் ஆத்திரம் ஏறியது. கூடவே ஒரு சந்தோஷமும் ஏறியது. குண்டாவைத் தூக்கி நடுமேஜையில் வைத்து, இது என் சோறு, என் மகளும் தின்றாள், நீங்கள் எல்லாரும் தின்றீர்கள், கட்டுச்சோறு முடிந்தது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

சத்தம் கேட்டு மாதவராஜ் மாடியேறி வந்தார். நிலைமையைக் கேட்டறிந்தார். ஒரு கணம் அர்ச்சுனனைப் பார்த்தார். அர்ச்சுனன் கரையிலிருந்த ஆட்டைப் பார்த்தார். பிறகு மாதவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளி உணவு உண்ணப்பட்டதாகப் புகார் எழுந்துள்ளது, உண்டவர்கள் யார் யார் என்று கேட்டார். உண்டவர்கள் மீது முப்பத்தொன்றாம் விதியின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

இன்னும் கேக் வெட்டவில்லை. சூரியன் மறையும்போது பறக்கும் கேமராவில் படம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் கப்பலைவிட்டு இறங்க யாருக்கு மனம் வரும்? நான் சாப்பிடவில்லை என்றார் ஒன்றுவிட்ட சித்தப்பா. மீசையில் எள் இருந்தது. நானும் இல்லை என்றாள் அத்தை. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரும் கையைக் கழுவாமலே, ‘கீழே ஒப்பமிட்டுள்ள நான் எந்த உணவையும் உண்ணவில்லை’ என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். காகிதமெல்லாம் மஞ்சள் ரேகை. நிர்மலாதேவியும் போட்டாள். போட்டுவிட்டுச் சம்பந்தியிடம் திரும்பினாள்.

“யாருமே சாப்பிடலன்னு ஆயிப்போச்சுங்களே அண்ணி. அப்பறம் எப்படிப் பொண்ண அனுப்பறது? முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.”

மருமகன் ரஞ்சித்குமார் அம்மாவையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். ராணியம்மாளுக்குக் கப்பல் உண்மையிலேயே கிளம்பிவிட்ட மாதிரி காலுக்குக் கீழே எல்லாம் ஆடியது.

அப்போது சங்கு நாற்காலியிலிருந்து யுவராணி எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது.

“நான் சாப்பிட்டேன் சார்” என்றாள். “ரெண்டு தட்டு. எங்கம்மா வூட்டுச் சோறுதான்னு தெரிஞ்சேதான் சாப்பிட்டேன். எழுதிக்குங்க.”

மாதவராஜுக்கு முதலில் திகைப்பாக இருந்தது. உடனே நிம்மதியாகவும் இருந்தது. புகார் என்று ஒன்று வந்துவிட்டால் குற்றவாளி என்று ஒருவர் வேண்டும். பயணி குற்றவாளி என்றால் ஒப்பந்தக்காரர் குற்றவாளி இல்லை. ஒப்பந்தக்காரர் குற்றவாளி இல்லை என்றால் அலுவலர் குற்றவாளி இல்லை. அவர் உட்கார்ந்து ஆணை எழுதினார். எழுதும்போதே அவர் கை அழகாக ஓடியது.

‘பயணி யுவராணி என்பார், தாய்வீட்டில் சமைத்துத் தருவிக்கப்பட்ட சோறு வகை ஏழினையும் கப்பலில் வைத்து மனமுவந்து உண்டமை ஐயந்திரிபற நிரூபணமாகிறபடியால், விதி 31இன்கீழ் அன்னார் அடுத்த துறைமுகத்தில் இறக்கப்பட்டு, ஆதார் அட்டையில் கண்ட சொந்த ஊராகிய மாரண்டஹள்ளிக்கு உடனடியாக அனுப்பப்படுகிறார்.’ கீழே வட்ட முத்திரை, நங்கூரப் படத்துடன். கல்யாணமாகி இரண்டு வருஷமாக யுவராணி ஆதாரில் விலாசத்தை மாற்ற மூன்று முறை போய், மூன்று முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறதென்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். ஓர் அலுவலகம் செய்த தொல்லை இன்னோர் அலுவலகத்தில் உதவிக்கு வருவது அபூர்வம்.

ரஞ்சித்குமார் ஆணையைச் சத்தமாகப் படித்தான். ஏழு வகை, தாய்வீடு, மனமுவந்து என்று எல்லாம் வந்துவிட்டது. அரசாங்க முத்திரையே பெண் கட்டுச்சோறு உண்டாள் என்று சொல்லும்போது நிர்மலாதேவி எப்படி இல்லை என்பாள்? முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்களிடம் இந்த மாதிரி ஒன்று கிடையாது என்பது அவளுக்கு உறைத்தது. ஆணையை மருமகளிடம் பிடிக்கச் சொல்லி, தானும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு படம் எடுத்துக்கொண்டாள்.

‘பேராழி அடுத்த துறைமுகத்தை அடைந்துவிட்டது’ என்று ஒலிபெருக்கி சொன்னது. அதே பலகைப் பாலம். அதே ஆடு. ராணியம்மாள் மகளின் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காலிக் குண்டாக்கள் வந்தன. அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான மனுஷி மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டாள்.

யுவராணிக்குப் பெண் பிறந்தது. மூன்று கிலோ, தாயும் தேறிவிட்டாள். ஆனால் அந்தப் படங்கள் அதற்கு முன்பே ஊரைச் சுற்றிவிட்டிருந்தன. மறுமாதமே இரண்டு குடும்பங்கள் புங்கனேரிக்கு வந்து, தங்கள் பெண்ணையும் அதே மாதிரி வெளியேற்றித் தர முடியுமா என்று விசாரித்தன. நங்கூர முத்திரை கட்டாயம் வேண்டும் என்றார்கள். மாதவராஜ் தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் ‘வெளியேற்ற வைபவத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தது. விதியை மீற விரும்புவோர் அதற்குரிய படிவத்தில் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். பாரம்பரியத்தைக் காத்ததற்காக மாதவராஜுக்குப் பாராட்டுப் பத்திரமும் பதவி உயர்வும் கிடைத்தன. சேற்றில் ஊறி நின்ற கப்பலில் இப்போது வெள்ளிதோறும் கர்ப்பிணிகள் குற்றவாளிகளாகி, மேளதாளத்துடன் இறக்கிவிடப்பட்டார்கள். முத்திரை இல்லாமல் பெண்ணை அனுப்புகிற வீட்டை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் கேட்கும்போது ராணியம்மாளுக்குச் சிரிப்பாய் வரும். பைத்தியக்கார ஜனங்கள் என்பாள். தன் மகளின் ஆணையை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். அது விஷயம் வேறு. அது கஷ்டப்பட்டு வாங்கினது.

அடுத்த வருஷம் அவள் மருமகளுக்கு ஏழாம் மாதம். மருமகளின் அம்மா முனியம்மாள் மொரப்பூர்ப் பக்கத்துக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை விடியக் காலையில் எழுந்து ஏழு வகையும் சமைத்து, ஏழு தூக்கில் அடைத்து, இரண்டு பஸ் மாறி, மாரண்டஹள்ளிக்கு வந்து இறங்கினாள். ராணியம்மாள் வாசலுக்கே வந்து வரவேற்றாள். நாலு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் பந்தி போட்டாள். புளிச்சோறு நன்றாக இருக்கிறதென்று மனம் திறந்து சொன்னாள். மகளுக்கு ஊட்டி முடித்து, கை கழுவி, பெண்ணின் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு முனியம்மாள் விடைபெற நின்றாள்.

“அதெல்லாம் சரிங்க அண்ணி” என்றாள் ராணியம்மாள். “ஆர்டர் எங்க?”

“எந்த ஆர்டருங்க?”

ராணியம்மாள் கூடத்துச் சுவரைக் காட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை, அன்பாகத்தான் பேசினாள். “எம்பொண்ணுக்கு நாங்க முறையோட வாங்குனோமுங்க. உங்க பொண்ண மட்டும் அது இல்லாம அனுப்பிவெச்சா, நாளைக்கு நாலு பேரு என்னைத்தானே கேப்பாங்க?”

முனியம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் அப்போதுதான் இரண்டாம் தட்டு முடித்திருந்தாள். தாய்க்காரி துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிச்சச் சோற்றை மறுபடி ஏழு தூக்கிலும் போட்டு மூடிக் கட்டினாள். புங்கனேரிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மூன்றரைக்கு என்று ராணியம்மாளே சொன்னாள்.